ஏ உயிர்ச்சத்தும் விந்தணு வளர்ச்சியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் உரும்பிராயை அடையும்போது இருமருங்கும் செம்மண் தோட்டங்களைக் காண்பர். ஆறில்லாத அந்நிலத்திலே, சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி ஆக்கிய கிணறுகளே வேளாண்மையின் உயிர்நிலை. முன்னே துலாவினாலும் பின்னே இயந்திரத்தினாலும் இறைக்கப்பட்ட நீர் வாய்க்கால் வழியே ஓடி ஒவ்வொரு பாத்தியாகப் பாய்கின்றது. ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் மடையை அடைத்து அடுத்த பாத்தியின் மடையைத் திறக்கின்றான் தோட்டக்காரன். நீர் வாராவிடில் பயிர் வாடும்; மடையை அடைக்க மறந்தால் வேர் அழுகும். வேண்டிய இடத்தில், வேண்டிய வேளையில், வேண்டிய அளவு என்பதே இறைப்பின் விதியாகும்.

பாலூட்டி விலங்குகளின் உடலினுள்ளும் இவ்விதிக்கு அமைந்து நடைபெறும் செயலொன்று உண்டு. ஆணின் விதையிலே விந்தணுக்கள் உருவாகும் செயலே அது. அங்கே பாய்ச்சப்படும் நீரை ஒத்தது, முருங்கையிலையிலும் பழுத்த மாம்பழத்திலும் பாலிலும் ஈரலிலும் இருந்து நமக்குக் கிடைக்கும் ஏ உயிர்ச்சத்து. கண்ணுக்கு நல்லது என்ற அளவிலே பலரும் அறிந்த இச்சத்து, ஒரு குலம் தழைப்பதற்கும் வேண்டப்படுவது என்பதை அறிந்தோர் சிலரே. குழந்தைப்பேறு வாய்க்காத வீடுகளிலே பழி முழுவதையும் பெண்ணின் தலையில் சுமத்தும் வழக்கம் இன்னும் அற்றுப்போகாத நம் சமுதாயத்துக்கு, ஆணின் பங்கு எத்துணை நுட்பமானது என்பதை விளக்கும் இவ்வாராய்ச்சி மிகவும் வேண்டற்பாலது.

மாலைக்கண் நோய்க்கு ஈரலை உண்ணக் கொடுப்பது பல நாடுகளிலும் வழங்கிய பழைய வைத்தியம். அதன் காரணம் இருபதாம் நூற்றாண்டிலேதான் துலங்கிற்று. 1913ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளராகிய மக்கொலம் என்பவரும் மார்கரெட் டேவிஸ் என்னும் அம்மையாரும், வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் கொழுப்பிற் கரையும் சத்தொன்று உண்டென்றும், அஃதின்றி எலிக்குஞ்சுகள் வளரமாட்டா என்றும் கண்டனர். அதே காலத்தில் ஒஸ்போர்ண், மெண்டல் என்னும் இருவரும் இம்முடிவையே அடைந்தனர். அச்சத்தே பின்னர் ஏ உயிர்ச்சத்து எனப் பெயர்பெற்றது. இலைகளிலும் காய்கனிகளிலும் இச்சத்து நேராக இல்லை. அவற்றில் உள்ள கரோட்டின் என்னும் நிறப்பொருளையே உடல் ஏ உயிர்ச்சத்தாக மாற்றிக்கொள்கின்றது. இம்மாற்றத்தை 1930ஆம் ஆண்டளவில் கேம்பிரிட்ஜில் தோமஸ் மூர் எலிகளைக் கொண்டு நிறுவினார். மாறிய சத்தின் பெரும்பகுதி ஈரலிலே சேமித்து வைக்கப்படுகின்றது.

இலங்கையும் இவ்வாராய்ச்சி வரலாற்றிலே இடம்பெற்றுள்ளது. கொழும்பிலே பற்றீரியா ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த லூஷியஸ் நிக்கொல்ஸ் என்னும் மருத்துவர், தேரையின் தோல்போற் சொரசொரப்பாகும் ஒரு தோல்நோயைப் பற்றி 1933இல் எழுதி, உணவில் உயிர்ச்சத்துக் குறைவதே அதற்குக் காரணம் என்றார். அந்நோய்க்கு ஏ உயிர்ச்சத்துக் குறைவு மாத்திரமன்றி வேறு சத்துக்களின் குறைவும் காரணமாகலாம் எனப் பின்வந்தோர் கண்டனராயினும், ஏழையின் உணவிலுள்ள குறை உடலின் மேற்பரப்பிலே எழுதப்பட்டிருக்கும் என்ற உண்மையை நிக்கொல்ஸ் தெளிவாகக் காட்டினார்.

மேற்பரப்பிலே எழுதப்படாத குறையும் உண்டு. 1925ஆம் ஆண்டிலே ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உல்பாக், ஹவ் என்னும் இருவர் ஏ உயிர்ச்சத்து நீக்கிய உணவை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் உறுப்புக்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தனர். கண்ணும் சுவாசக்குழாயும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கெட்டிருந்தன. அவற்றோடு ஆணெலிகளின் விதைகளும் சுருங்கிப் போயிருந்தன. ஈ உயிர்ச்சத்துக் குறைந்தாலும் எலியின் விதை கெடும். ஆயின் இரண்டிற்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. ஈ உயிர்ச்சத்துக் குறைவாற் கெட்ட விதை பெரும்பாலும் மீள்வதில்லை. ஏ உயிர்ச்சத்துக் குறைவாற் கெட்டதோ அச்சத்தை மீண்டும் கொடுத்ததும் திரும்பத் தழைத்தது. 1930களில் கார்ல் மேசன் என்பவர் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். வேர் சாகாத பயிர்போல, மூலக்கலங்கள் உயிரோடு காத்திருந்தமையே இம்மீட்சிக்குக் காரணமாகும்.

அடுத்த திருப்பம் 1960களில் ஏற்பட்டது. ஏ உயிர்ச்சத்து உடலிலே மூன்று வடிவங்களை எடுக்கும். முதலாவது ரெற்றினோல், அஃது இரத்தத்திலே ஓடும் வடிவம். இரண்டாவது ரெற்றினால்; விழித்திரையிலே ஒளியை உணர்வதற்கு உதவும் வடிவம் அதுவே. மூன்றாவது ரெற்றினோயிக் அமிலம். முதலிரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறவல்லன. அமிலமாக மாறியது மாத்திரம் பின்னோக்கித் திரும்பமாட்டாது. தயிரானது மீண்டும் பாலாகாதவாறு போல. இங்கிலாந்திலே தொம்சன், ஹவல், பிற் என்னும் மூவர், ஏ உயிர்ச்சத்து நீக்கிய உணவோடு ரெற்றினோயிக் அமிலத்தை மாத்திரம் சேர்த்து எலிகளை வளர்த்து, 1964இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வெலிகள் நன்றாக வளர்ந்தன. ஆனாற் கண்பார்வை இழந்தன. ஆணெலிகளின் விதைகள் கெட்டன. பெண்ணெலிகளின் கருக்கள் நிலைக்கவில்லை. உடல் கொழுமையாயிருந்தும் குலம் நின்றுபோயிற்று.

பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிலையத்திலே பேராசிரியர் கங்குலியும் அவருடைய மாணவர்களும் அதே காலத்திலே இத்துறையில் உழைத்தனர். ஏ உயிர்ச்சத்துக் குறைவினால் எலிகளிடத்தே இனப்பெருக்கத்துக்குரிய ஓமோன்களின் உற்பத்தியில் நேரும் மாற்றங்களை அவர்கள் ஆராய்ந்தனர். கண்ணையும் வளர்ச்சியையும் பற்றிய சத்தென்று கருதப்பட்ட ஒன்று இனப்பெருக்கத்தோடும் பிணைந்தது என்னும் கருத்து இவ்வாறு பல திசைகளிலிருந்தும் வலுப்பெற்றது.

ரெற்றினோயிக் அமிலத்தை உண்ட எலியின் விதை ஏன் கெடவேண்டும்? இதற்கு விடை காண விதையின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும்.

விதையினுள்ளே நூல்போன்ற மிக நுண்ணிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. மனிதனின் விதைகளிலுள்ள குழாய்களை நீட்டி இணைத்தாற் பல நூறு மீட்டர் நீளும். குழாயின் வெளியோரத்திலே மூலக்கலங்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றுட் சில தம்மைப்போன்ற கலங்களைப் பெருக்கிக்கொண்டு அங்கேயே தங்கும். வேறு சில முதிர்ச்சிப் பாதையிலே அடியெடுத்து வைத்துக் குழாயின் நடுவை நோக்கி நகரும். அவ்வழியிலே ஒடுக்கற்பிரிவு என்னும் சிறப்பான பிரிவு நிகழ்ந்து, மனிதனிடத்தே 46 ஆகவிருந்த நிறமூர்த்தங்கள் 23 ஆகக் குறைகின்றன. பின்னர் உருண்டைக் கலம் நீண்டு, தலையும் வாலும் பெற்று, குழாயின் நடுவிலே விடுவிக்கப்படுகின்றது. இப்பயணம் முழுவதிலும் கலங்களைத் தாங்கி ஊட்டி வளர்ப்பவை, 1865இல் இத்தாலிய அறிஞர் என்ரிக்கோ செர்த்தோலி கண்டறிந்த செவிலிக் கலங்கள். இவை ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்தி, இரத்தத்திலுள்ள பொருள்கள் எல்லாம் உள்ளே புகாதவாறு ஒரு வேலியையும் அமைக்கின்றன.

மூலக்கலம் ஒன்று விந்தணுவாக முதிர மனிதனிடத்தே ஏறத்தாழ 74 நாட்கள் செல்லும் என 1960களிற் கணிக்கப்பட்டது. சுண்டெலிக்கு இக்காலம் ஏறத்தாழ 35 நாட்கள். எனினும் வளர்ந்த ஆணிடத்தே ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான விந்தணுக்கள் தோன்றுகின்றன. இஃது எவ்வாறு இயலும்? கீரைத் தோட்டத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். எல்லாப் பாத்திகளிலும் ஒரே நாளில் விதைத்தவன் ஒரே நாளில் அறுத்துவிட்டுப் பின்னர் வெறுங்கையோடு இருப்பான். நாள் விட்டு நாள் பாத்தி பாத்தியாக விதைத்தவனோ நாள்தோறும் சந்தைக்குக் கீரை கொண்டுபோவான். விதையின் குழாய்களும் அவ்வாறே. ஒரு பகுதியிற் கலங்கள் பயணத்தைத் தொடங்கும் வேளையில் வேறொரு பகுதியிலே முதிர்ந்தவை வெளியேறும். ஒவ்வொரு பகுதியும் தன் முறை வரும்போது புதிய தொகுதியைத் தொடக்கிவைக்கும். சுண்டெலியில் இம்முறை ஏறத்தாழ 8.6 நாட்களுக்கு ஒருமுறையும், மனிதனில் 16 நாட்களுக்கு ஒருமுறையும் சுற்றி வருகின்றது.

இம்முறையைத் தொடக்கிவைக்கும் சைகையே ரெற்றினோயிக் அமிலம். இதனை மெய்ப்பித்த சோதனை அழகானது. ஏ உயிர்ச்சத்து முற்றிலும் குன்றிய எலியின் விதைக் குழாய்களிலே மூலக்கலங்களும் செவிலிக் கலங்களுமே பெரும்பாலும் எஞ்சியிருக்கும். பயணத்துக்குப் புறப்பட வேண்டிய கலங்கள் வாயிலிலேயே தேங்கி நிற்கும். அந்நிலையிலே ஏ உயிர்ச்சத்தைக் கொடுத்தால், தேங்கி நின்றவை யாவும் ஒருங்கே புறப்படுகின்றன. அதன்பின் குழாய் முழுவதும் ஒரே பருவத்திலே நிற்கின்றது. ஒரே நாளில் விதைத்த தோட்டம்போல. அமெரிக்காவிலே மொறாலெஸ், கிறிஸ்வோல்ட் என்னும் இருவர் 1987இல் எலிகளிடத்தே இதனைக் காட்டினர். ஒல்லாந்து தேசத்து வான் பெல்ற், டி றோய் என்போர் 1990இல் சுண்டெலிகளிடத்தும் காட்டினர். வாயிலிற் பூட்டைத் திறந்தது எது என்பதில் அதன்பின் ஐயமில்லை.

1964ஆம் ஆண்டின் புதிரும் இதனால் அவிழ்ந்தது. விதையினுள்ளே ரெற்றினோயிக் அமிலத்தை விரைவில் அழிக்கும் நொதியங்கள் உள்ளன. உணவோடு வந்த சிறிதளவு அமிலம் மூலக்கலங்களைச் சென்றடையுமுன் குறைந்துவிடுகின்றது. ஆகவே விதையானது இரத்தத்திலிருந்து ரெற்றினோலைப் பெற்று, தனக்கு வேண்டிய அமிலத்தைத் தன்னுள்ளேயே ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மிகுந்த அளவிலே திரும்பத் திரும்பக் கொடுத்தால் வெளியிலிருந்து வரும் அமிலமும் விந்தணு வளர்ச்சியைத் தாங்கும் என்பதை ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் 1991இல் நிறுவினர்.

ஆக்கும் நொதியமும் அழிக்கும் நொதியமும் ஒருங்கே இருப்பது வீணெனத் தோன்றலாம். மடையைத் திறக்கும் கையும் அடைக்கும் கையும் இருந்தாலன்றி முறைப் பாய்ச்சல் நடவாது. ஒரு பகுதியில் அமிலம் பெருகி மற்றொரு பகுதியிற் குறைந்திருப்பதாலேயே பருவங்கள் வேறுபட்டு, உற்பத்தி இடையறாது நடைபெறுகின்றது. தாயின் வயிற்றில் ஆண் கருவாக இருக்கும் காலத்திலே அழிக்கும் நொதியம் ஓங்கி நிற்கின்றது. அது காலத்துக்கு முந்திக் கலங்கள் ஒடுக்கற்பிரிவில் இறங்காதவாறு காக்கின்றது என்பதை 2006ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் சுண்டெலிகளைக் கொண்டு காட்டினர்.

அமிலம் கலத்தினுள்ளே புகுந்து யாது செய்கின்றது? 1987ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துப் பியர் சம்பொன் குழுவினரும் அமெரிக்காவிலே றொனால்ட் எவன்ஸ் குழுவினரும் தனித்தனியே இதற்கு விடை கண்டனர். கலத்தின் கருவிலே இவ்வமிலத்தை ஏற்கும் புரதங்கள் உள்ளன. அவை வாங்கிகள் எனப்படும். அமிலம் வந்து பொருந்தியதும் வாங்கி பரம்பரையலகுகளின் செயலை மாற்றி, உறங்குவனவற்றை எழுப்புகின்றது. அவ்வாறு எழுப்பப்படும் பரம்பரையலகுகளுள் ஒன்று ஸ்ட்ரா 8 என்பது. அஃதில்லாத ஆண் சுண்டெலியில் ஒடுக்கற்பிரிவு செவ்வனே நடைபெறாது. வாங்கிகளுள் ஒருவகையை இழந்து பிறந்த ஆண் சுண்டெலிகள் மலடாயின என்பதைச் சம்பொன் குழுவினர் 1993இல் அறிவித்தனர். ஏ உயிர்ச்சத்தை வயிறார உண்டாலும், அதனை ஏற்கும் வாங்கி இல்லையேற் பயனில்லை என்பது இதனாற் பெறப்படும்.

மூலக்கலம் முதிர்ச்சிப் பாதையில் இறங்குதல், ஒடுக்கற்பிரிவு தொடங்குதல், உருண்டைக் கலம் நீளத் தொடங்குதல், முதிர்ந்த விந்தணு விடுபடுதல் என்னும் நான்கு நிகழ்ச்சிகளோடு இவ்வமிலம் தொடர்புபடுத்தப்பட்டுள்ளது. இவற்றுள் முதலாவது மிக உறுதியாக நிறுவப்பட்டது. ஒடுக்கற்பிரிவில் அமிலத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் ஆராயப்படுகின்றது.

அறிவு பயன்படும் வழி ஒன்றன்று. 1960களின் தொடக்கத்திலே அமெரிக்காவிற் சிறைக்கைதிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது விந்தணு உற்பத்தி நின்றது. மருந்தை நிறுத்தியதும் மீண்டது. ஆயினும் அதனை உட்கொண்டவர் மது அருந்தினாற் கடுமையாக நோயுற்றனர். அதனால் அம்மருந்து கைவிடப்பட்டது. அது ரெற்றினோயிக் அமிலத்தை ஆக்கும் நொதியத்தைத் தடுத்தது என்பது 2011இலேதான் தெளிவாயிற்று. மதுவைச் சிதைக்கும் நொதியமும் அதே இனத்தைச் சேர்ந்தது. அமெரிக்க மினசோட்டாப் பல்கலைக்கழகத்திலே தோன்றிய புதிய மருந்தொன்று நொதியத்தை விட்டு வாங்கியைத் தடுக்கின்றது. சுண்டெலிகளிற் கருத்தடையாகப் பயன்பட்ட அம்மருந்தின், 16 ஆண்கள் பங்குகொண்ட முதற்கட்டச் சோதனையின் முடிவு 2025இல் வெளிவந்தது. பாதுகாப்பை மாத்திரமே அச்சோதனை நோக்கிற்று. மனிதரிடத்தே அது பயன்படுமாயின், குடும்பக் கட்டுப்பாட்டின் சுமையைப் பெண்ணே சுமக்கும் நிலை ஓரளவு மாறும்.

இனி, அன்றாட வாழ்வுக்கு வருவோம். வீட்டிலுள்ள ஆண்மகனுக்கு இச்சத்து வேண்டிய அளவு கிடைக்கின்றதா? வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 900 மைக்கிரோகிராம் ரெற்றினோலுக்குச் சமமான அளவு வேண்டுமென அமெரிக்க அறிஞர் விதித்துள்ளனர். உணவிலுள்ள கரோட்டின் 12 பங்கு, ரெற்றினோல் 1 பங்குக்குச் சமமாகும். உரும்பிராய் போன்ற ஊர்களிலே இதற்குப் பஞ்சமில்லை. வேலியோரத்து முருங்கை, வளவில் நிற்கும் அகத்தி, பாத்தியிலுள்ள பொன்னாங்காணி, வல்லாரை, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பப்பாசி, பூசணி ஆகிய யாவும் கரோட்டின் உடையன. பனம்பழத்தின் செம்மஞ்சட் களியும் அத்தகையதே. ஆயின் அதனைப் பனாட்டாக வெயிலிற் காயவைக்கும்போது கரோட்டினின் ஒரு பகுதி அழியும். கரோட்டின் கொழுப்பிற் கரைவதாதலின், கீரைக்கறியிற் சிறிது தேங்காய்ப்பாலோ நல்லெண்ணெயோ சேர்ப்பது நாவுக்கு மாத்திரமன்றி உடலுக்கும் ஏற்றது. மீனும் முட்டையும் பாலும் உண்போருக்கு ஆயத்தமான ஏ உயிர்ச்சத்தே கிடைக்கின்றது.

கால்நடை வளர்ப்போரும் இதனைக் கருதுதல் நன்று. நெடுநாள் வைக்கோலை மாத்திரம் தின்று, பச்சைத் தீனி காணாத காளைகளிடத்தே ஏ உயிர்ச்சத்துக் குறைந்து விந்தின் தரம் தாழக்கூடும். கோடையிலே பூவரசங் குழையை வெட்டிப் போடுவது பசியாற்றுவதோடு இச்சத்தையும் அளிக்கின்றது.

ஆயின் பிள்ளையில்லாத ஆண் ஒவ்வொருவனும் ஏ உயிர்ச்சத்துக் குறைந்தவன் என்று கொள்வது பெருந்தவறு. எலிகளை அந்நிலைக்குக் கொண்டுவருவதற்கு, பால்குடி மறந்த நாள்முதல் அச்சத்து அறவே நீக்கிய உணவைப் பல வாரம் கொடுக்கவேண்டியிருந்தது. கலப்புணவு உண்ணும் மனிதனுக்கு அத்தகைய குறைவு நேர்வது அரிது. விந்தணுக் குறைவுக்கு விதையின் நரம்புவீக்கம், கூகைக்கட்டு விதையிற் பரவுதல், குழாயடைப்பு, ஓமோன் குறைபாடு, நிறமூர்த்தக் குறைபாடு, புகைத்தல், மிகு வெப்பம் எனக் காரணங்கள் பல. அவற்றை அறியாது உயிர்ச்சத்து மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவோர் பணத்தை மட்டும் இழப்பதில்லை. மாத்திரையிலுள்ள ரெற்றினோல் அளவு கடந்தால் ஈரலைக் கெடுக்கும். கருவுற்ற பெண் மிகுதியாக உட்கொண்டாற் சிசுவின் உறுப்புக்கள் ஊனமுறும். முகப்பருவுக்குக் கொடுக்கப்படும் ரெற்றினோயிக் அமில இனத்து மாத்திரையைக் கருப்பிணிகள் தொடலாகாது என்று மருத்துவர் வற்புறுத்துவதும் இதனாலேயே. கீரையிலும் பழத்திலும் உள்ள கரோட்டினால் இவ்வபாயம் இல்லை; வேண்டிய அளவையே உடல் மாற்றிக்கொள்ளும்.

குழந்தையின்மை உலகெங்கும் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவரை வாழ்நாளில் ஒருமுறையேனும் வருத்துகின்றது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. அவ்வாறான தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்து ஆணின் குறையும் காரணமாகவோ காரணத்தின் ஒரு பகுதியாகவோ அமைகின்றது. இருந்தும் மனைவியை வைத்தியசாலைக்கும் கோயிலுக்கும் அலையவிட்டு, கணவன் ஒருமுறையேனும் சோதனைக்குச் செல்ல நாணும் குடும்பங்கள் பல. விந்தணுச் சோதனை நோவில்லாதது, சிறு செலவினது. விந்தணு முதிரப் பத்து வாரத்துக்கு மேற் செல்வதால், கடுங்காய்ச்சல் கண்ட ஒருவனுடைய குறை இரண்டொரு மாதம் கழித்தே தோன்றலாம். ஆகையால் ஒரு சோதனையோடு முடிவு கட்டாமல், இடைவெளி விட்டு மறுமுறையும் பார்ப்பதே முறை.

ஆண்மை என்பது பிறப்போடு வந்து மாறாது நிற்கும் உடைமை எனப் பலர் எண்ணுகின்றனர். உடலோ அதனை நாள்தோறும் புதிதாக உழைத்து ஆக்குகின்றது. அவ்வுழைப்பு ஓர் இலையின் சத்தையும், அதனை ஏற்கும் புரதத்தையும், திறந்து அடைக்கும் நொதியங்களையும் நம்பி நடைபெறுகின்றது. இத்தனை படிகளுள் எதிலேனும் இடறல் நேர்வது இயற்கை. அஃது எவருக்கும் இழுக்கன்று. இழுக்காவது, அறியக்கூடியதை அறிய மறுத்து, குற்றமற்ற ஒருத்தியை மலடி என்று சொல்லுவதே.